ஜி டிரைவும் என் சகலையும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் நாம் கூப்பிட்டும் வராதவர். மற்றவர் கூப்பிடாமலே வருகிறவர். முதலாமவர் கடை வைத்திருக்கிறார். 'கிளம்பிட்டேன் சார், வந்துட்டே இருக்கேன்' என்று அவர் சொன்னதை நம்பி இன்னும் காத்திருக்கிறேன், வந்த பிறகு அவரைப் பற்றி எழுதலாம். இன்று இரண்டாமவர். இவருக்கு 'அழையாக் கம்ப்யூட்டர் வைத்தியர்' என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்கு வந்ததும் மற்ற விருந்தாளிகள் சோபாவைத் தேடுவார்கள், இவர் உங்கள் கம்ப்யூட்டரைத் தேடுவார். 'காபியா டீயா' என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அதன் முன்னால் உட்கார்ந்து, நாற்காலியின் உயரத்தைத் தன் முழங்காலுக்குத் தோதாக மாற்றி, மவுஸைத் தூக்கிக் கவிழ்த்து அதன் அடிவயிற்றைப் பார்த்து, 'ம்ம்...' என்று ஒரு சத்தம் எழுப்புவார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து எழுப்புவாரே, அதே 'ம்ம்'. அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் நோயாளி. அதுவரை நன்றாகத்தானே இருந்தது என்கிறீர்களா? உங்களுக்கு என்ன தெரியும்?

அடுத்தது பூர்வாங்கச் சடங்கு. திரையில் காலியாக இருக்கும் இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அமுக்கி 'ரெஃப்ரெஷ்' கொடுப்பார். பிறகு இன்னொரு ரெஃப்ரெஷ். பிறகு, கை ஓயும்வரை ரெஃப்ரெஷ். இதனால் எந்தக் கம்ப்யூட்டராவது பிழைத்ததாக வரலாறு இல்லை. கேட்டால், "சிஸ்டம் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். மூச்சு விட முடியாமல் நிற்பது நாம்தான்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்று என் சொந்தத்திலேயே இருக்கிறது. என் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். நல்ல மனிதர், கடன் கேட்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கி வருவார். கம்ப்யூட்டர் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் அவரைத் தெய்வமாகக் கொண்டாடியிருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். அக்காவின் தோள்பையிலிருந்து துண்டு சுற்றிய நீளமான ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க சகலை, மழை பேருக்குக்கூட இல்ல, இவ எங்க போனாலும் குடையைத் தூக்கிட்டு வர்றா" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். என் மனைவி எம்பிராய்டரி மெஷின் வைத்துத் துணிகளில் பெயர் தைத்துக் கொடுப்பவள். நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஒன்று முதன்முதலாக அவளை நம்பி, படிப்பு முடித்த பெண்களின் வெள்ளைக் கோட்டுகளையெல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. மறுநாள் காலை வேன் வரும். வேலை பிடித்துப்போனால் வருஷா வருஷம் அவளுக்கே. சொதப்பினால் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. வாரம் முழுக்கக் கண் வலிக்க உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் டிசைனாக்கிக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருக வேண்டியதுதான் பாக்கி.

சகலை அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா இது, ஜி-ன்னு ஒரு டிரைவ் தெரியுது? திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. 'டிஸ்க்கைப் போடு'ன்னு கேக்குது?"

"அது புது பிரிண்டர் அத்தான். அதுல கேமரா கார்டு போடறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. அதைத்தான் டிரைவ்னு காட்டுதாம். கடைக்காரரு சொன்னாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

'அது பாட்டுக்கு இருக்கட்டும்'! அழையா வைத்தியரிடம் சொல்லவே கூடாத வார்த்தை இது. உலகத்தில் எதுவும் அதன் பாட்டுக்கு இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"கடைக்காரன் அப்படித்தான் சொல்வான். விக்கிறவன் என்னிக்கு உண்மையைச் சொல்லியிருக்கான்? வேண்டாத டிரைவை வீட்ல வச்சிருக்கக் கூடாதும்மா. இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு நாலு வரும்."

வைத்தியம் தொடங்கியது. ஜி டிரைவை வெளியேற்றிப் பார்த்தார், அது போய்விட்டுத் திரும்பி வந்தது. அதன் எழுத்தைப் பிடுங்கினார், பெயரில்லாமல் கொஞ்ச நேரம் திரிந்துவிட்டு மறுபடி அதே எழுத்தோடு வந்து உட்கார்ந்தது. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், இருந்த வயர்களையெல்லாம் பிடுங்கி, எது எங்கே இருந்தது என்பதை மறந்து, கிடைத்த ஓட்டையில் கிடைத்ததைச் செருகினார். நல்லவேளை, பிரிண்டர் வயரையும் ஞாபகமாகச் செருகினார். பிறகு செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு பையன் மூச்சுவிடாமல் பேசினான். சகலை பாதியில் நிறுத்திவிட்டு, "புரிஞ்சுபோச்சு" என்றார். எங்கே நிறுத்தினால் புரியும் என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்த கலை.

"அத்தான், எனக்கு டிசைனை ஏத்தணும். ஒரு அஞ்சு நிமிஷம் எந்திரிச்சீங்கன்னா..."

"இரும்மா. ஆணிவேரைப் பிடிச்சிட்டேன். இது எல்லாமே யுஎஸ்பி வழியாத்தானே உள்ள வருது? கதவையே சாத்திட்டா எப்படி வரும்?"

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். கம்ப்யூட்டரில் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, யுஎஸ்பி என்ற பெயரில் எவையெல்லாம் இருந்தனவோ அவை ஒவ்வொன்றின் மேலும் மவுஸைக் கொண்டுபோய், வலது பொத்தானை அமுக்கி, முடக்கினார். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆமாம்' என்றார். மறுபடியும் கேட்டது. மறுபடியும் ஆமாம். கடைசி ஆமாமுக்குப் பிறகு அவர் கையில் இருந்த மவுஸின் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஆமாம், அந்த மவுஸும் யுஎஸ்பிதான்.

உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியவர் கீழே விழுந்த பிறகாவது வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தீர்களா? மவுஸைத் தட்டினார். "பேட்டரி தீந்துடுச்சு போல."

"அதுக்கு வயர் இருக்கு அத்தான்."

கீபோர்டைத் தட்டினார். அதுவும் பிணமாகக் கிடந்தது. "பாத்தியாம்மா, கீபோர்டு வரைக்கும் பரவியிருக்கு. நல்லவேளை நான் வந்தேன்."

பொத்தானை அமுக்கி அணைத்துப் போட்டோம். கம்ப்யூட்டர் எழுந்து, பாஸ்வேர்டு கேட்டது. எதை வைத்து அடிப்பது? வாரம் முழுக்க உழைத்த உழைப்பு அந்தப் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்க, மூட்டையாகக் கோட்டுகள் வெளியே காத்திருக்க, என் மனைவி ஒரு கோட்டின் காலரைத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் சகலை என்றும் பார்க்காமல் எதையாவது சொல்லியிருப்பேன். அடக்கிக்கொண்டு, ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். கிளம்பிவிட்டாராம்.

சகலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த இனத்தார் எல்லோரும் கடைசியில் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஃபார்மட் அடிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்."

உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா எழுந்தாள். பையிலிருந்து அந்த நீளமான பொருளை எடுத்து, துண்டைப் பிரித்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு பழைய கீபோர்டு. வயரின் முனையில் உருண்டையான பிளக். மேஜைக்குப் பின்னால் குனிந்து, தூசியை ஊதி, யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் உருண்டை ஓட்டையில் அதைச் செருகிவிட்டு, "மறுபடி ஆன் பண்ணுடி" என்றாள்.

"இது... குடை இல்லையா?" என்றார் சகலை.

"என்னக்கா இது?"

"சித்தப்பா வீட்லயும் இவரு இதையேதான் செஞ்சாரு. அங்க வந்த ரிப்பேர்காரர் இந்த மாதிரி ஒண்ணைச் செருகித்தான் மீட்டாரு. இது யுஎஸ்பி வழியா போகாதாம். அன்னிக்கே அவர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். இவரு என்கூட வர்ற வரைக்கும் இது என் பையில இருக்கும்."

என் மனைவி பாஸ்வேர்டு அடித்தாள். ரிப்பேர்காரர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்த அக்கா, அம்புக்குறிச் சாவிகளைத் தட்டித் தட்டி, கணவர் சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மவுஸில் சிவப்பு விளக்கு எரிந்தது. பென் டிரைவ் வந்தது. கூடவே, ஒரு சிராய்ப்பு கூட இல்லாமல், ஜி டிரைவும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த அறையில் மெஷின் கடகடவென்று முதல் பெயரைத் தைக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

சகலை நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "அப்பாடா. ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுப் போட்டதுல சிஸ்டம் எவ்ளோ ஃப்ரீயா ஓடுது பாத்தீங்களா?"

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். 'எனக்கும் இப்படி ஒரு மச்சான் உண்டு' என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் வருகிறீர்கள் என்றால் மட்டும் சில வீடுகளில் கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடக்கிறதே, ஏன் என்று யோசித்ததுண்டா? என் சகலையும் யோசித்ததில்லை. அடுத்த முறை இருவருமாகச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது உங்கள் மனைவியின் பையைக் கொஞ்சம் கவனியுங்கள். துண்டு சுற்றிய ஏதாவது நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால், மழை இல்லாத நாளில் எதற்குக் குடை என்று சிரித்துவிடாதீர்கள்.