ஆறாவது உருப்படியில் வாஷிங் மெஷின்

ரேடியோவில் பேசிய ஆள் சிரிக்கக்கூட இல்லை. லீலண்ட் கிரெப்ஸுக்கு முதலில் ஆத்திரம் வந்தது அதற்குத்தான்.

"நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வீட்டு கராஜ்லயே பதிவு பண்ணின சர்ஃப் கிடார் கேசட், அதாவது கடலலை மாதிரி கேக்கவேண்டிய வாசிப்பு. பாட்டு கிடையாது, வெறும் வாத்தியம், பன்னெண்டு உருப்படி," என்று ஞாயிறு காலை நிகழ்ச்சியில் அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது. "கிடாரைக் கேட்டா அலை ஞாபகம் வரல, ஒழுகுற பாத்ரூம் குழாய்தான் ஞாபகம் வருது. மூணாவது உருப்படியில டிரம்ஸ்காரர், வண்டி நிறுத்த இடம் தேடுறவர் மாதிரி பின்னாடியே வர்றார். ஆறாவதுல எங்கேயோ வாஷிங் மெஷின் ஓடுது. மொத்த கேசட்லயும் தாளம் தப்பாம ஓடுறது அது ஒண்ணுதான். பேரைச் சொல்லமாட்டேன். அவரோட சம்சாரம் கேட்டுட்டிருப்பாங்க."

லீலண்டின் மனைவி நோரீன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையில் முட்டை கிண்டும் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"நம்மளயா சொல்றான்?"

"பின்னே யாரை? இந்த வென்ச்சுரா ஊர்ல கராஜுக்குள்ள உக்காந்து கிடார் அடிச்சவன் வேற எவன் இருக்கான்?"

லீலண்டுக்கு ஐம்பத்தாறு வயது. நீச்சல் குளம் சுத்தம் செய்வது தொழில். இரண்டு வருஷம் ஒரு சனிக்கிழமை விடாமல் கராஜில் கிடந்து அந்தக் கேசட்டை முடித்திருந்தார். அதுவரை கார் வெயிலில் நின்று வெளுத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அதன் நகல் ஒன்றை ரேடியோ நிலையத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்.

"கேட்டுப் பாத்துடலாம். அவன் சொல்றது பொய்னு இப்பவே தெரிஞ்சிடும்," என்று கேசட்டைப் போட்டார்.

மூன்றாவது உருப்படியில் டிரம்ஸ் பின்தங்கியது. ஆறாவதில் வாஷிங் மெஷின் ஓடியது. இரண்டு வருஷமாகக் காதில் விழாதது இப்போது விழுந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால்கூட லீலண்ட் பொறுத்திருப்பார்.

"நான் வாசிக்கும்போது துணி துவைக்கச் சொன்னது யாரு?"

"உள்ளே இருந்தது யாரோட பனியன்?" என்றாள் நோரீன். "குளோரின் நாத்தத்தோட கழட்டிப் போட்டுட்டு கிடாரைத் தூக்கிட்டுப் போவே. அது தானா நடந்து போய் மெஷின்ல ஏறுமா?"

மனைவியிடம் ஜெயிக்க முடியாததால் மச்சானைக் கூப்பிட்டார். டிரம்ஸ் வாசித்தது நோரீனின் தம்பி டுவேன்தான். டயர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து லீலண்டுக்கு அவன் ஒருவன்தான் டிரம்ஸ்காரன். வந்ததும் வராததுமாக அவனை உட்காரவைத்து மூன்றாவது உருப்படியைப் போட்டுக் காட்டினார்.

"கேளு. எங்கே போயிருந்தே நீ?"

டுவேன் முழுசாகக் கேட்டான். "நான் எங்கேயும் போகல மாமா. கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் நீங்கதான் நின்னு விரலைப் பாக்குறீங்க. உங்களுக்காக நானும் நின்னேன்."

"அப்போ தப்பு என்மேலயா?"

"நாப்பது வருஷமா உங்கமேலதான். சொல்லவேணாம்னு அக்கா சொல்லியிருந்தா."

லீலண்ட் திரும்பி நோரீனைப் பார்த்தார். நோரீன் ஜன்னலைப் பார்த்தாள்.

அடுத்து லீலண்ட் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. டயருக்குக் காத்தடிக்கிற கைக்குத் தாளம் எங்கே தெரியும் என்பது அதில் மரியாதையான பகுதி. டுவேன் டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் வண்டியில் ஏற்றினான். பெரிய டிரம் கதவில் இடித்தது. அதைக்கூட மெதுவாகத் துடைத்து எடுத்துப் போனான்.

"போகட்டும். ஆறாவதை மட்டும் திரும்பப் பதிவு பண்ணிடறேன்," என்றார் லீலண்ட்.

அதற்கு முதலில் வாஷிங் மெஷினைக் கராஜை விட்டு வெளியேற்ற வேண்டும். கோபத்தில் குழாயை மூடாமலே பின்னாலிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் மார்பில் அறைந்தது. அவர் மூடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கராஜ் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். ஆம்ப்ளிஃபையர் ஒருமுறை உறுமியது, நாறியது, அடங்கியது.

வாசலில் நின்று நோரீன் பார்த்தாள். "இப்பத்தான் கொஞ்சம் கடல் மாதிரி இருக்கு."

"எல்லாம் உன் தம்பியால வந்தது."

அதைச் சொல்லாமல் லீலண்ட் நிறுத்தியிருக்கலாம். நோரீன் ஒரு பையில் துணியை அடுக்கினாள். "என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்குற வரைக்கும் நான் அவன் வீட்டுலதான் இருப்பேன். முட்டை அடுப்புலயே இருக்கு. தீஞ்சது உனக்கு," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள்கிழமை லீலண்ட் குளம் எதையும் சுத்தம் செய்யவில்லை. ஈரம் காயாத ஷூவோடு பஸ் பிடித்து ரேடியோ நிலையத்துக்குப் போனார். வரவேற்பு மேஜையில் ஒரு பெண்மணி டூனா சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பேசுற அந்த ஆளைப் பாக்கணும்."

"லீவு. உடம்பு சரியில்லையாம்."

"எனக்குத்தான் சரியில்லாமப் போச்சு. ஒரே நாள்ல என் டிரம்ஸ்காரன் போயிட்டான், ஆம்ப்ளிஃபையர் போச்சு, பொண்டாட்டி போயிட்டா. எல்லாம் அவன் வாயால. என் கேசட்டைத் திருப்பிக் குடுங்க. அவன் இனிமே அதைத் தொடக் கூடாது."

"பேர்?"

"லீலண்ட் கிரெப்ஸ். சர்ஃப் கிடார். பன்னெண்டு உருப்படி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நேரம் ஆயிற்று. பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு உறையை மேஜைமேல் வைத்தாள். லீலண்ட் தன் கையால் ஒட்டிய டேப் ஓரம்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது.

லீலண்ட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பிரிக்கவே இல்லயே. அப்போ நேத்து அவன் எதைக் கேட்டுட்டு அவ்வளவு பேசினான்?"

அந்தப் பெண்மணி சாண்ட்விச்சை மறுபடி கையில் எடுத்தாள்.

"அது அவரே அவரோட வீட்டு கராஜ்ல பதிவு பண்ணின கேசட்."