குப்பைமேனிக்கு வதிவிடச் சான்றிதழ்

சொறி, சிரங்கு, கரப்பன் ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளுக்கு எதிராகக் குப்பைமேனி இலைச் சாற்றைப் பரிசோதித்துப் பார்க்க அனுமதி கோரி, பண்டத்தரிப்பைச் சேர்ந்த செல்வி வித்தியா என்பவர் மார்ச் மாதம் நான்காம் திகதி எங்கள் மூலிகைச் சரிபார்ப்பு நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம் தந்தார். அதை வாங்கிக் கோப்புத் திறந்தவன் நான். முன்பு என்னை எழுதுவினைஞர் என்றார்கள். இப்போது முகாமைத்துவ உதவியாளர் என்கிறார்கள். மேசை அதே மேசைதான்.

பிள்ளையின் அவசரம் நியாயமானது. பட்ட ஆய்வுக்கு அவள் பதிந்திருந்த காலம் செப்டெம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்குள் முடிவு கையில் இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பும் வீண். செய்ய வேண்டிய சோதனையோ இரண்டு நாள் வேலை. செடியும் தூரத்தில் இல்லை. ஆய்வுகூட யன்னலுக்குக் கீழே, ஒழுகுகிற தண்ணீர்க் குழாயடியில், முழங்கால் உயரத்துக்கு நின்றது. யன்னலால் கையை நீட்டினால் பறிக்கலாம்.

என் இடது காலில் இருந்த கரப்பனை அவள் வந்த அன்றைக்கே கண்டுவிட்டாள்.

"அண்ணை, உந்த இலையை உப்போடை அரைச்சுப் பூசுங்கோ. மாறும்."

"சோதிக்காத சாமானை எப்பிடிப் பிள்ளை பூசுறது? முடிவு வரட்டும்" என்றேன். நான் ஒழுங்கான உத்தியோகத்தன்.

அவளுக்கு அந்த ஒழுங்கு போதாது. அனுமதி கிடைத்த உடனேயே யன்னலால் கையை நீட்டிவிட்டாள். நல்லவேளை, பணிப்பாளர் கலாநிதி பஞ்சலிங்கம் அந்த நேரம் பார்த்து வந்தார்.

"என்ன செய்யிறீர் பிள்ளை?"

"இலை பறிக்கிறன் சேர்."

"ஏழாம் படிவத்திலை மாதிரியின்ரை வதிவிடம் எண்டு ஒரு கூடு இருக்கு. அதிலை என்ன எழுதப்போறீர்?"

"யன்னலுக்குக் கீழை எண்டு."

"அதுக்கு ஆதாரம்?"

"உந்தா நிக்குது சேர்."

"நிக்கிறது ஆதாரமில்லை. நாளைக்கு ஆரும் வந்து, உது இந்தியாவிலையிருந்து வள்ளத்திலை வந்த செடி எண்டு சொன்னால் ஆர் பதில் சொல்லுறது? விதானையாரிட்டைப் போய் ஒரு வதிவிடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாரும்."

இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதர் எங்களுக்குப் பணிப்பாளராக வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் கிராம அலுவலர் துஷாந்தினிக்கு முப்பது வயதுதான். ஆனாலும் ஊருக்கு அவர் விதானையார். படிவத்தோடு நேரில் வந்து, செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"விண்ணப்பதாரர் எவ்வளவு காலமாய் இந்த விலாசத்திலை?"

"ரெண்டு மாசம் இருக்கும் மிஸ்" என்றாள் வித்தியா.

"ஆறு மாசம் இருந்தால்தான் நிரந்தர வதிவு."

"ஆறு மாசத்துக்கு இது உயிரோடை நிண்டாலே பெரிசு மிஸ்."

"அது விண்ணப்பதாரரின்ரை பிரச்சினை. ஆணோ, பெண்ணோ?"

வித்தியா உண்மை பேசுகிற பிள்ளை. அந்த நேரத்தில் அவளிடம் இருந்த ஒரே குறை அதுதான். "ரெண்டும் மிஸ். ஒரே கதிரிலை மேலை ஆண் பூ, கீழை பெண் பூ."

விதானையார் பேனையை மூடினார். "ஒண்டுக்குத்தான் புள்ளடி போடலாம். ரெண்டு பேர் எண்டால் ரெண்டு படிவம். அதுவும் ஆணும் பெண்ணும் ஒரே விலாசத்திலை இருக்கினம் எண்டால் குடும்ப அட்டை வேணும். குடும்பத் தலைவர் ஆர்?"

இந்தக் கேள்வி எங்கள் கோப்பில் பத்தொன்பதாம் பக்கம். தண்ணீர்க் குழாய் யாருடைய பொறுப்போ அவரே தலைவர் என்று சட்ட ஆலோசனை வந்து, "மேற்படி செடி எனது பராமரிப்பில் வதிகின்றது என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்" என்று பணிப்பாளர் ஒப்பமிட்டது நூற்றுநான்காம் பக்கம். பரிந்துரைத்தவர், அத்தாட்சிப்படுத்தியவர், பார்வையிட்டவர், பார்வையிட்டதைப் பார்வையிட்டவர் என்று அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு றப்பர் முத்திரைகள்.

பிரதேச செயலகத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஸ்கூட்டியில் ஓடி ஓடி வித்தியா கறுத்துப்போனாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்ப்பதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

ஜூலையில் சோளகக் காற்று அள்ளி வீசியது. அதே மாதம் யாரோ வந்து குழாயைத் திருத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக ஒழுகிய குழாய். எங்கள் நிலையத்தில் அந்த வருடம் நடந்து முடிந்த ஒரே திருத்த வேலை அது. ஒரு சனி ஞாயிறு கழிந்து வந்து பார்த்தபோது செடி கருகிச் செத்திருந்தது. "விண்ணப்பதாரர் காலமானார்" என்று கோப்பில் குறித்தேன்.

வித்தியா விடவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஊற்றி, அடியில் விழுந்திருந்த விதைகளை முளைக்க வைத்தாள். இருபத்தாறு கன்றுகள். அவற்றை இறந்தவரின் உரித்தாளர்கள் என்று விதானையார் ஏற்றுக்கொண்டார். பராயமடையாத பிள்ளைகள் என்றபடியால், அவர்களுக்காகவும் பணிப்பாளரே ஒப்பமிட்டார்.

சான்றிதழ் செப்டெம்பர் இருபத்தெட்டாம் திகதி மத்தியானம் வந்தது. வித்தியா அன்றைக்கே இலை பறித்துச் சாறெடுத்தாள்.

சோதனை இதுதான். கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடவி, சாற்றில் தோய்த்த சின்னக் கடதாசி வட்டுகளை அதில் வைப்பார்கள். சாறு வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராது. கூடவே சாறு படாத வெறும் வட்டும் வைக்க வேண்டும். அதைச் சுற்றிக் கிருமி நன்றாக வளர்ந்தால்தான், பெருமை சாற்றுக்கே தவிரக் கடதாசிக்கு இல்லை என்று ஆகும்.

வட்டுப் போத்தலைத் திறந்தாள். உள்ளே மூன்றுதான் மிஞ்சிக் கிடந்தன.

"இது சாத்துக்குக் காணும் அண்ணை. வெறும் வட்டுக்கு எங்கை போறது?"

"புதுசு எடுக்க மூண்டு மாசம் பிள்ளை."

அவள் அப்படியே மர வாங்கில் இருந்துவிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. என் மேசையில் கோப்புத் தாளுக்குத் துளை போடுகிற இயந்திரம் இருந்தது. துளையில் விழுகிற துண்டு வட்டின் அளவுக்கு அச்சொட்டாக இருக்கும். புதுத் தாளைத் துளைத்தால் அரச சொத்துக்குச் சேதம். முடிந்த கோப்பைத் துளைப்பது என் கடமை. குப்பைமேனிக் கோப்பில் தடித்த பக்கமாகப் பார்த்து மூன்று துளை போட்டுக் கொடுத்தேன். அவள் மனமில்லாமல் வாங்கி, சூட்டில் வைத்துக் கிருமி நீக்கி, தட்டில் வைத்தாள்.

முப்பதாம் திகதி காலை தட்டைப் பார்த்தோம். சாறு பட்ட வட்டுகளைச் சுற்றி ஒரு நக அகலத்துக்குக் கிருமி ஒதுங்கியிருந்தது. என் அலுவலக வட்டுகள் இருந்த பாதித் தட்டில் மருந்துக்கும் ஒரு கிருமி இல்லை. எனக்கு அது அதிசயமாக இருக்கவில்லை. அந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் எதுவும் வளராது என்பது இருபத்தெட்டு வருடமாக நான் கண்டது.

வித்தியாவின் முகம் வெளிறிவிட்டது. "அண்ணை, சாறு வேலை செய்திருக்கு. ஆனால் வெறுங் கடதாசி அதைவிடக் கொல்லுது. சோதனை செல்லாது. திரும்பச் செய்யவேணும்."

வட்டு கோப்பிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டு வந்த பணிப்பாளர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உது எந்தப் பக்கம்?"

"நூற்றிநாலு சேர்" என்றேன்.

"என்ரை ஒப்பம் உள்ள பக்கமோ?"

"மைதான் கிருமியைச் சாக்காட்டியிருக்கும் சேர்" என்றாள் வித்தியா. "ஏழு முத்திரையின்ரை மை."

"உமக்கு இதின்ரை பெறுமதி விளங்கேல்லைப் பிள்ளை. இது கண்டுபிடிப்பு!"

"அப்ப குப்பைமேனி, சேர்?"

"அதுக்கு வதிவிடம் இருக்கு. அது காணும்."

அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஆய்வின் தலைப்பு "அரச கோப்புத் தாள்களின் கிருமி கொல்லும் ஆற்றல்" என்று திருத்தப்பட்டது. வித்தியா ஒப்பமிட்டாள். மூன்று வருடம் தப்பியது. ஒப்பமிடும்போது அழுதாள். நான் பார்க்காத மாதிரி கோப்பைக் கட்டினேன்.

இப்போது எங்கள் நிலையம் முத்திரை குத்திய தாள்களை அரைத்துக் கோப்புக் குளிசை என்ற மாத்திரை செய்கிறது. பத்திரிகையில் வந்தது. கனடாவிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். உரும்பிராயில் ஒரு கலியாண வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டோடு ஒரு மட்டை குளிசையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கள் வளவுக் குப்பைமேனியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வருகிற சனம், செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வாசலில் வரிசையில் நிற்கிறது. குளிசைப் பிரிவுக்கு உதவிப் பணிப்பாளராக வித்தியாவைப் போட்டிருக்கிறார்கள். கோப்பு அறிந்தவர் அவளைவிட வேறு யார்?

போன செவ்வாய் நானும் வரிசையில் நின்றேன். கரப்பன் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. உத்தியோகத்தன் என்றாலும் வரிசை வரிசைதான். எனக்கு நாற்பத்தேழாம் இலக்கம். வரிசை ஆய்வுகூட யன்னலுக்குக் கீழே குழாயடியால் வளைந்து போனது. குழாய் திரும்பவும் ஒழுகத் தொடங்கியிருந்தது. வரிசையில் நின்ற எங்கள் எல்லாரின் கால்களுக்குக் கீழேயும் குப்பைமேனி மிதிபட்டுக் கிடந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, குனிந்து ஒரு இலையில் கை வைத்தேன். யன்னல் திறந்தது.

"என்ன அண்ணை செய்யிறீங்கள்?" வித்தியாவின் குரல்.

"ஒரு இலை பறிக்கிறன் பிள்ளை. நீர்தானே அண்டைக்குச் சொன்னீர்."

அவள் யன்னலால் வதிவிடம் கேட்கிற அந்த ஏழாம் படிவத்தை நீட்டினாள்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். "இதிலை கால் கடுக்க நிக்கிற நாங்கள் என்ன விசரரோ? வரிசையைக் குழப்பாதையுங்கோ அண்ணை!"

இலையை விட்டுவிட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு என் இடத்தில் நின்று காலைச் சொறிந்தேன்.