அமெரிக்க எம்.எல்.ஏ.வும் ஆறாம் நம்பர் கம்பமும்

"இன்னிக்குக் கண்டிப்பா மனு குடுத்துடறேன்" என்று கலியாணசுந்தரம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு எதிரே ஆறாம் நம்பர் கம்பத்தில் மூன்று வருஷமாக எரியாத தெருவிளக்கு பற்றி மனைவி கமலவேணி கேட்பதும், அவர் இப்படிச் சொல்லிவிட்டுத் தறியில் உட்காருவதும் தினசரி வழக்கம். அன்று தறிவரை போவதற்குள் நெஞ்சு வலித்தது. அவ்வளவுதான்.

காரியத்துக்கு மகன் பிரேம்நாத் காஞ்சிபுரம் வந்தான். அமெரிக்காவில் ஒரு சின்ன மாநிலத்தில் எம்.எல்.ஏ. அந்தச் சட்டசபை வருஷத்தில் நாலு மாதம்தான் நடக்கும். மீதி நாளில் இன்சூரன்ஸ் விற்பான். இரண்டு தேர்தல் ஜெயித்தாயிற்று. மூன்றாவது, அடுத்த மாதம்.

"அப்பாவோட கடைசி ஆசைடா. அந்த வெளக்க எரிய வெச்சிட்டுப் போ" என்றாள் கமலவேணி.

பிரேம்நாத் தெருவிளக்கு ஆபீசுக்குப் போன் செய்தான். "நான் அமெரிக்காவுல எம்.எல்.ஏ. பேசறேன்."

"எந்தக் கட்சி?"

சொன்னான்.

"அது நம்ம கூட்டணியில இருக்குதா சார்?"

விஷயம் பரவி, மறுநாள் காலை தெருவே மனுவோடு வாசலில் நின்றது.

"இங்க எனக்கு எந்தப் பவரும் இல்லீங்க."

"நம்ம எம்.எல்.ஏ.வும் அதையேதான் சொல்லிக்கினு இருக்காரு. நீ வாங்கிக்கோபா" என்றாள் எதிர்வீட்டு சங்கீதா.

மரியாதைக்கு வாங்கிக்கொண்டான். கவுன்சிலர் தனசேகரன் சும்மா இருப்பாரா? சாயங்காலமே பிளெக்ஸ் வைத்தார்: 'தெருவிளக்கு தந்த அமெரிக்காவே, வருக!'

அந்தப் படம் கடல் தாண்டி எதிர் வேட்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. உடனே அவர் விளம்பரம் போட்டார்: 'நம் சாலைப் பள்ளத்தை மூடாதவர், காஞ்சிபுரத்துக்கு விளக்குப் போடுகிறார்!'

பதறிப்போன பிரேம்நாத், 'காஞ்சிபுரத்துக்கு நான் எதுவும் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன்' என்று அறிக்கை விட்டான். அங்கே ஒருவரும் நம்பவில்லை. இங்கே எல்லோரும் நம்பினார்கள், பிளெக்ஸ் கிழிந்தது.

அமெரிக்கா திரும்பியவன் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றான்.

"ஒரு பல்புல போச்சும்மா என் அரசியல்" என்றான் போனில். "அதுவாவது எரியுதா?"

"இல்லபா."

மறுவாரம் லைன்மேன் அந்தோணி ஏணியோடு வந்தார். கையில் ஒரு பழைய காகிதம்.

"உங்க பையன் போன் பண்ணாராமே, ஃபைலத் தேடினோம். பல்பு கெட்டுப் போகலம்மா. நாங்கதான் கழட்டினோம். ஐயா எழுதிக் குடுத்த மனு இது: 'விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக என் மனைவி முகத்தில் அடிக்கிறது. அவளுக்குத் தூக்கமில்லை. கழற்றிவிடவும். அவளிடம் சொல்ல வேண்டாம்.' இப்ப மாட்டட்டுமாம்மா?"

ஆறாம் நம்பர் கம்பத்தில் இன்னும் பல்பு இல்லை.