உன் பாட்டை வெட்டப் பார்க்கிறார்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும், மாப்பிள்ளையின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் மறுதபாலில் தெரியப்படுத்தவும். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். என் போனில் இப்போதெல்லாம் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அது என் மூச்சுதான் என்கிறாள் உன் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் ரயில் நிலைய நாடகத்தைப் படமாக எடுக்கிறார்கள் என்று போன தடவை போனில் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, அந்தப் பெருமையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷம் ஒரே அரங்கத்தில் நடந்த நாடகம். பாட்டெல்லாம் நான் கட்டி, ஸ்டேஷன் மாஸ்டராகவும் நானே நடித்து, நீ டிக்கெட் கொடுக்கிற பெண்ணாக ஜன்னலுக்குப் பின்னால் நின்று, ஊரை விட்டே போகிற காதலனுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி அந்த வழியனுப்பும் பாட்டைப் பாடி, ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போவார்கள். இதைப் படமெடுக்க வந்திருக்கும் இயக்குநர் முப்பது வயதுப் பெண். முதல் நாளே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நாடகப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, "சார், ஸ்டேஷன் மாஸ்டர் சாவியத் தேடிட்டிருக்காரு, சரி. திடீர்னு ஏன் சார் பாடறாரு?" என்று கேட்டாள். "பாட்டு வந்துடுச்சு, பாடறாரு" என்றேன். "யாருக்காக?" என்றாள். "டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்காக" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் என்னமோ எழுதினாள், நான் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டாள். மறைக்க ஒன்றுமில்லாதவள் எதற்கு மூட வேண்டும்?

ஸ்டேஷன் மாஸ்டர் வேஷத்துக்கு என்னையே போட்டார்கள். வாயை அடைக்கத்தான் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூக்குக்கு நேரே கேமராவை வைத்துவிட்டு, "கத்தாதீங்க சார்" என்கிறாள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டாமா என்றால், "கடைசி வரிசை உங்க மூக்குலேர்ந்து ஒரு முழம் தள்ளித்தான் சார் இருக்கு. அந்தப் புருவத்தையும் கொஞ்சம் எறக்கிக்கங்க" என்கிறாள். பத்தொன்பது வருஷம் ஏற்றியே வைத்திருந்த புருவம், சொன்னவுடன் இறங்கிவிடுமா? சாவிப் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல எட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். "கட்! என்ன சார், வசனம் மறந்துடுச்சா?" "கைதட்டறதுக்கு எடம் விட்டேம்மா." சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தார்கள் தங்கச்சி, ஒருத்தர் கை அசைய வேண்டுமே! அந்த எட்டையும் கத்தரித்துவிட்டார்கள். இன்றைக்கு எட்டு எண்ணிக்கை போனது, நாளைக்கு எது போகும் என்று அப்போதே எனக்குள் மணி அடித்தது.

ஒலிப்பதிவு செய்கிற தாடிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் மேலும் எனக்கு ஒரு கண். நீளக் கழியின் நுனியில் பூனைக்குட்டி மாதிரி மயிர் போர்த்திய மைக் ஒன்றை மாட்டிக்கொண்டு என் தலைக்கு மேலேயே திரிகிறார். அன்றைக்குத் திடீரென்று, "எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருங்க, ரூம் சத்தம் எடுக்கணும்" என்றார். யாரும் பேசாத அறையில் என்ன சத்தம் இருக்கும்? ஒன்றுமே இல்லாததை இவ்வளவு அக்கறையாகப் பதிவு செய்கிறவர்கள், உன் பாட்டை மட்டும் இன்னும் பதிவு செய்யவில்லை. "எப்ப?" என்று கேட்டால், "பாத்துக்கலாம் சார்" என்கிறார்.

ஆதாரமும் கிடைத்தது. அவர்கள் ஆபீஸ் சுவரில் காட்சிக்கு ஒரு சீட்டு எழுதி வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார்கள். உன் பாட்டுச் சீட்டில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி! எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த உன் அண்ணியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "யாரோ பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருக்காங்க" என்றாள். அவள் உலகத்தில் எல்லாருமே நல்லவர்கள். நான் சும்மா இருப்பேனா? யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தச் சீட்டை உருவி ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு காட்சி குறைகிறது என்று ஒரே அமளி. மேஜைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் எல்லாரும் தேடினார்கள். மரியாதைக்கு நானும் அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது, சீட்டும் கூடவே வந்து இயக்குநரின் காலடியில் விழுந்தது.

திட்டுவாள் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "சார், அந்தப் பாட்டு ரொம்ப அழகு. அதனாலதான் பயமா இருக்கு. மேடையில கடைசி வரிசைக்கு அவங்க மொகம் தெரியாது, பாட்டு தேவைப்பட்டுச்சு. இங்கதான் மொகம் தெரியுதே" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! உன் முகம் தெரியவில்லையாமே! "என் தங்கச்சி பாட்டு இல்லன்னா ஸ்டேஷன் மாஸ்டரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒருவர் என்னிடம் ரயில் நேரம் கேட்டார்.

மறுநாளே அவள் என் வீட்டுக்கு வந்து, பாட்டோடு ஒரு தடவையும் பாட்டில்லாமல் ஒரு தடவையும் எடுப்பதாகவும், இரண்டையும் எனக்குக் காட்டுவதாகவும், நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் படத்தில் என்றும் வாக்குக் கொடுத்தாள். சொன்னபடி, உன் வேஷத்தில் நடிக்கிற பெண்ணைப் பாடவைத்துப் பாட்டையும் பதிவு செய்து, இரண்டு விதமாகவும் எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் காட்டப் போகிறார்கள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவளை எப்படி நம்புவது, நீயே சொல். ஆனால் நீ கவலைப்படாதே. நீ ஜுரத்தோடு நின்று பாடிய நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. உன் பாட்டின் ஒரு எழுத்தைத் தொட வேண்டும் என்றாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். அண்ணி உன்னை ரொம்பவும் விசாரித்தாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் பாட்டோடு காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பாட்டில்லாமல். உன் வேஷம் போட்ட பெண் டிக்கெட்டை ஜன்னல் வழியாக நகர்த்துகிறாள். காதலன் எடுக்கப் போகிறான். அவள் அதன்மேல் வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. நான்கு நிமிஷப் பாட்டில் நான் சொல்லத் தவித்ததெல்லாம் அந்த விரலில் இருந்தது தங்கச்சி. "பாட்டு இருக்கட்டும் சார், வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் இயக்குநர். "வேணாம்மா, எடுத்துடு" என்று சொன்னது நான்தான். அவள் நம்பாமல் மறுபடி கேட்டாள். மறுபடியும் நானேதான் சொன்னேன். மற்றவர்கள் மேல் பழி போட வழியே இல்லை. உன் அண்ணி உன் கட்சி. மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. நீயும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் படம் வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நீ வாய்க்குள் பாட ஆரம்பித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பாடு. நான் கேட்டுக்கொள்கிறேன்.