செபத்தின் மற்றப் பாதி

"ஒரு குளிசை, ஒரேயொரு குளிசை எழுதித் தர…"

"ஏலாது எண்டெல்லோ சொல்லுறன் அண்ணை, எனக்கு அதிகாரம்…"

"இவ்வளவு படிச்சுப்போட்டு ஒரு துண்டில ரெண்டு வரி கிறுக்கிறதுக்கு…"

"சட்டம் விடாது அண்ணை! நான் உளவியலாளர். கேக்கலாம், கதைக்கலாம். மருந்து எழுதுறது மனநோய் டொக்டர்தான். எங்களையும் எழுத விட்டா நல்லதுதான். விடேல்லையே!"

"அந்த டொக்டரைப் பாக்கிறதுக்குத் தேர்மின் தந்திருக்கிற நாள் மாசியிலதானாம். அதுவரைக்கும் இவளை நான் என்ன செய்ய?"

'இவள்' ஆகிய ஞானமலர், கத்திக்கொண்டிருந்த தன் புருசன் யோசேப்புக்கும் உளவியலாளர் நிருஷாவுக்கும் நடுவில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"உங்கட சண்டை முடிஞ்சாச் சொல்லுங்கோ," என்றாள். "இருட்ட முதல் வீட்டை போகவேணும். அது துவங்கிவிடும்."

அது ஒரு பெண்குரல். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் கார்த்திகை மாத இருட்டு மத்தியானச் சோறு செமிக்க முதலே இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து அவர்கள் குசினிச் சுவருக்குள் குரல் செபமாலை சொல்லத் தொடங்கும். கோயிலில் முன்னுக்கு நிற்பவர் முதற் பாதியைச் சொல்ல, சனம் மற்றப் பாதியைச் சொல்லி முடிக்குமல்லவா? குரல் முதற் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தும். பதிலுக்குக் காத்திருக்கும். யோசேப்புக்கு ஒன்றும் கேட்காது. ஞானமலர்தான் அகப்பையும் கையுமாக விறைத்துப்போய் நிற்பாள்.

"அதுவும் மன்னார் இழுவை," என்பாள்.

"எங்கட ஊரை ஏனப்பா இதுக்குள்ள இழுக்கிறாய்?"

முதலில் அவர் தொலைக்காட்சியை உச்சத்தில் வைத்துப் பார்த்தார். குரலும் உச்சத்துக்குப் போனதாம். மேல்வீட்டு ஜேர்மன்காரர் தும்புத்தடியால் நிலத்தில் இடித்தார்.

"இப்ப மேளமும் சேர்ந்திட்டுது," என்றாள் ஞானமலர்.

அடுத்ததாக யோசேப்புக்கு ஒரு யோசனை வந்தது. "பதில் கிடைக்காதபடியாத்தான் நிக்குது. ஒருக்காச் சொல்லி அனுப்பிவிடன்."

அவள் சுவரைப் பார்த்து மற்றப் பாதியைச் சொன்னாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன, போயிட்டுதோ?"

"இல்லை. செபமாலையில அடுத்த மணி துவங்கிட்டுது."

அன்றிலிருந்து அவளைக் குசினிக் கதிரையிலிருந்து எழுப்ப முடியவில்லை. சோறு அடிப்பிடித்தது. அவள் சாப்பிடுவதையும் விட்டாள். கையில் செபமாலையும் முகத்தில் ஒரு பணிவுமாகச் சுவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஒருநாள் யோசேப்பு அவள் தோளைத் தொட்டார்.

"உஸ்… அவ கோவிப்பா," என்றாள்.

'அது' எப்போது 'அவ' ஆனது? இப்படியே விட்டால் தன் மனுசி சுவரோடு போய்விடுவாள் என்று பயந்து, யோசேப்பு மறுபடியும் நிருஷாவிடம் ஓடினார்.

நிருஷா பாவம், நல்ல பிள்ளை. தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் தொலைபேசியில் கெஞ்சி, யாரோ வராமல் விட்ட தேர்மின் ஒன்றை ஞானமலருக்குப் பிடித்துக் கொடுத்தாள்.

மனநோய் டொக்டர் கணினியைப் பார்த்தபடி கேட்டார். யோசேப்பு தமிழாக்கினார்.

"குரல் கட்டளை போடுதோ எண்டு கேக்கிறார்."

"சீ, இல்லை. மறுமொழிதான் எதிர்பாக்கிறா."

யோசேப்பு அதை ஜேர்மனில் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச்சீட்டு வந்துவிட்டது.

லிஃப்டில் ஞானமலர் சொன்னாள்: "கதைக்கிறவவுக்கு எழுத ஏலாது. எழுதுறவருக்குக் கதைக்க நேரமில்லை. நல்ல நாடப்பா!"

ஆனாலும் குளிசை குளிசைதான். சில கிழமைகள் கழித்து ஓர் இருட்டுப்பட்ட நேரம், ஞானமலர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தவள், அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"என்ன, நிண்டிட்டுதோ?" யோசேப்பு கதிரையை விட்டு எழும்பினார்.

"நிண்ட மாதிரி இல்லையப்பா," என்றாள் அவள். "எழும்பிப் போன மாதிரிக் கிடக்கு."

யோசேப்பு அதை இந்தக் காதால் கேட்டு அந்தக் காதால் விட்டார். அன்றிரவு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அவருக்கு அது போதும்.

அடுத்த கிழமை ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு இருவரும் நிருஷாவுக்கு நன்றி சொல்லப் போனார்கள். அவள் நோயாளிகளைப் பார்ப்பது தன் வீட்டு முன்னறையில்தான். மணியடித்தும் கதவு திறக்க நேரமாயிற்று. உள்ளே தொலைக்காட்சி உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவளின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. தலை வாரியிருக்கவில்லை.

"பாத்தியளோ பிள்ளை!" என்று யோசேப்பு தொடங்கினார். "குளிசை வேலை செய்யுது! உங்களை அண்டைக்கே எழுத விட்டிருந்தா இவ்வளவு அலைச்சல்…"

நிருஷா அவரைப் பார்க்கவேயில்லை. ரோல்ஸ் பெட்டியையும் வாங்கவில்லை. தன் குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஞானமலரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, நான் சைவ சமயக்காரி, எனக்குச் செபத்தின்ர மற்றப் பாதி தெரியாது, கெதியாச் சொல்லித் தாங்கோ, அவ பாத்துக்கொண்டு நிக்கிறா."