லோடர் நிறுத்தம்

எண்ணெய் மேனேஜரின் சட்டையில் பீய்ச்சியது. சட்டை வெள்ளை.

"எத்தனாவது தடவைடா இது?"

"சட்டையில மொத தடவை சார்," என்றான் வேல்சாமி.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஏலம் எடுத்த குட்டி வண்டி. நின்ற இடத்திலேயே திரும்பும். பக்கவாட்டில் லோடர் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இராஜபாளையம் மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளைத் தூக்குவதற்காக அதன் கை நுனியில் ஒரு கவ்வி மாட்டினார்கள். கவ்விக்கு எண்ணெய் போக இரண்டு ரப்பர் ஓஸ் குழாய்கள் கையோடு ஒட்டி ஓட வேண்டும். "நான் பாத்துக்கிடுதேன் சார்" என்று சொன்னவன் ஃபிட்டர் வேல்சாமி.

கை கீழே இருந்தபோது ஓஸை அளந்து வெட்டிவிட்டான். கை மேலே போனதும் ஓஸ் எட்டவில்லை. பிடுங்கிக்கொண்டது. அப்படி மூன்றாவது தடவை பிடுங்கியதுதான் மேனேஜர் சட்டை.

மறுநாள் இரண்டு சாண் கூட்டி மாட்டினான். கை இறங்கியபோது தொங்கிய ஓஸ் நடுவில் சிக்கி நசுங்கியது.

அதற்கடுத்த நாள் தகரத்தில் கிளிப் வெட்டி இறுக்கினான். மதியத்துக்குள் தகரத்தின் விளிம்பு ஓஸை அறுத்தது. பன்னிரண்டு பேலுக்கு எண்ணெய்க் குளியல்.

வியாழக்கிழமை ஆபீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'சனிக்கிழமையோடு லோடர் நிறுத்தம்.'

வேல்சாமி குடோனுக்கு ஓடினான். அவன் பெண்டாட்டியின் அண்ணன் மொக்கைச்சாமி அங்கே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேல் சுமக்கும் ஆறு பேரில் அவர்தான் மூத்தவர்.

"போர்டைப் பாத்தீயளா மச்சான்?"

"காலையிலயே பாத்தாச்சு."

"சனிக்கிழமை காலையில மேனேஜர் ஓட்டிப் பாக்க வாராரு. அப்ப ஒழுகலன்னா நிறுத்த மாட்டாவ."

மொக்கைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "ஒழுகிச்சுன்னா?"

"என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவ. நான்தான பொறுப்பு. ஒங்க தங்கச்சிக்கு இது எட்டாம் மாசம் மச்சான்."

மொக்கைச்சாமி தோளில் கிடந்த சாக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார்.

"வா. காட்டு."

வண்டியின் கையை நாலைந்து தடவை ஏற்றி இறக்கச் சொன்னார்.

"கை மடங்குத மூட்டு ஓரமா ஓஸைக் கொண்டு போ. அங்க இழுவை கம்மி. கையைத் தூக்கி வச்சு அள. பொறவு, பேல் கட்டுன இரும்புப் பட்டை எங்க தோளை ஏன் அறுக்கல?"

"சாக்கு போட்டுருக்கீய."

"ஒன் ஓஸுக்கு யாரு சாக்கு போட்டா?"

அவர் பெண்டாட்டி கருத்தம்மா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் தறி ஓட்டுகிறவள். மறுநாள் அங்கிருந்து கழிவு ரோல் நாலு வந்தது. ஓஸின் மேல் பழைய சைக்கிள் டியூபை மாட்டி, அதன்மேல் பேண்டேஜைச் சுற்றி, கிளிப் போட்டார்கள். கட்டு முழுவதையும் மொக்கைச்சாமியே போட்டார். ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பார்த்தார்.

வண்டி ஓட்டும் தவசிமுத்து வந்து பார்த்தான்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சாண்ணே?"

"எடுத்தாச்சு. கை தப்பிச்சிரும்னு சொல்லிட்டாவ," என்றார் மொக்கைச்சாமி.

சனிக்கிழமை காலை வண்டி பேலைக் கவ்வியது. தூக்கியது. அடுக்கியது. நாற்பது பேல். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஆறு பேரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள்.

"சபாஷ்டா," என்றார் மேனேஜர். சட்டை வெள்ளையாகவே இருந்தது. "இன்னைக்கும் ஒழுகியிருந்தா அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

வேல்சாமிக்குக் குழப்பமாக இருந்தது. "அதான் ஒழுகலையே சார். இப்பக் கிழிச்சிருங்க."

"இப்ப எதுக்குடா கிழிக்கணும்?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மொக்கைச்சாமி தோள் சாக்கை உதறி நாலாக மடித்துக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சான் சொல்லுதாரு? நல்லா ஓடுத லோடரை எதுக்கு நிறுத்துதாவ?"

மொக்கைச்சாமி சாக்கை அவன் கையில் கொடுத்தார்.

"பேண்டேஜ் கிழிஞ்சா இதை வச்சுச் சுத்து மாப்ள. சம்பள ரெஜிஸ்டர்ல லோடர்னா நாங்க ஆறு பேருதான்."