நாலு 'மா'வும் ஒரு சுற்றறிக்கையும்

எங்கள் பகுதிக் குடிநீர் அலுவலகத்துக்குச் சீனாவிலிருந்து ஒரு புது மோட்டார் வந்தது. அதில் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் சீன எழுத்து. இரண்டு சொல்லை மொழிபெயர்க்க விதிகளில் இடமில்லை. ஆனால் பணியாளர் பயிற்சிக்குத் தாராளமாக இடமிருந்தது. ஆகவே, 'மோட்டாரை இயக்கும் பொருட்டு அலுவலர் அனைவரும் மூன்று மாதத்துக்குள் சீனம் கற்றுத் தேற வேண்டும்' என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். அதுவரை தாகத்தைத் தள்ளிவைக்குமாறு பொதுமக்களாகிய நாங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டோம்.

சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். முதல் நாள் கரும்பலகையில் 'மா' என்று எழுதினார்.

"நேரா இழுத்துச் சொன்னா அம்மா. கேள்வி கேக்கிற மாதிரி தூக்கினா சணல். இறக்கி ஏத்தினா குதிரை. வெட்டிச் சொன்னா திட்டுறதுன்னு அர்த்தம்."

கண்காணிப்பாளர் எழுந்தார். "ஒரு சொல்லுக்கு நாலு ராகமா? எந்த ஆணைப்படி?"

"ஆணை எல்லாம் இல்ல சார். அவங்க அப்படித்தான் பேசுறாங்க."

"அவங்க எப்படியும் பேசட்டும். ஆபீஸ்னா ஒரு ஒழுங்கு வேணாமா? இனிமே ஒரே ராகம்தான்."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது, டீச்சர் வரவில்லை. பாடத்தைக் கண்காணிப்பாளரே நடத்தினார்.

ஸ்டோர்கீப்பர் அம்மா மட்டும் டீச்சர் வீட்டைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டார். வால்வும் வாஷரும் எண்ணியே காய்த்துப்போன கை, கட்டம் போட்ட நோட்டில் 'மனிதன்' என்ற சீன எழுத்தை எழுதியது: வெறும் இரண்டு கால்கள். அவன் கையை விரித்தால் 'பெரிய'. தலைக்கு மேல் ஒரு கோடு போட்டால் 'வானம்'.

"நம்ம ஆபீஸ்ல தலைக்கு மேல கோடு போட்டா மெமோ" என்று தட்டச்சரிடம் சொல்லிச் சிரித்தார். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் 'மா… மா?' என்று சொல்லிப் பார்த்ததில், "கன்னுக்குட்டி ஏதும் வாங்கிட்டியா?" என்று அவர் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

தேர்வு நாளில் எல்லோரும் ஒரே ராகத்தில் தேறினார்கள். கடைசியாக ஸ்டோர்கீப்பர் அம்மா.

"மா சொல்லுங்க."

"எந்த மா சார்?"

"எதிர்க்கேள்வி வேண்டாம்."

நாலையும் சொன்னார். நாலாவதைக் கேட்டதும் கண்காணிப்பாளர் முகம் சிவந்தது. டீச்சர் சொன்னதில் அந்த ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது. 'மேலதிகாரியை முகத்துக்கு நேரே சீனத்தில் திட்டியமைக்காக' அந்த அம்மாவுக்குத் தேர்ச்சி மறுக்கப்பட்டது.

மோட்டார் துவக்க விழாவுக்கு நாங்கள் குடங்களோடு நின்றோம்.

"சார், கோட்டுக்கு மேல நிக்கிற எழுத்து 'மேலே'. கீழ தொங்குறது 'கீழே'. தண்ணி தொட்டிக்கு ஏறணும்னா முதல்ல சொன்னதை அமுக்குங்க" என்றார் ஸ்டோர்கீப்பர் அம்மா.

"தேறாதவங்க அபிப்பிராயத்தைக் கோப்புல ஏத்த முடியாதும்மா."

கண்காணிப்பாளர் மற்றதை அமுக்கினார். மேல்நிலைத் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரும் தெருவில் பாய்ந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று நாங்கள் கைதட்டினோம். மறுவாரமே பிள்ளைகளைக் கண்காணிப்பாளரின் மாலை வகுப்பில் சேர்த்தோம். சீனம் தெரியாத பிள்ளைக்கு வரன் கூட அமையாது என்று பேசிக்கொண்டோம்.

தொட்டி காய்ந்தது. கைக்குழந்தைக்காரிகள் அரைக் குடத்துக்கு அடித்துக்கொள்வதை ஸ்டோர்கீப்பர் அம்மா ஜன்னல் வழியே பார்த்தார். மறுதேர்வுக்கு மனுப் போட்டார். நாலு 'மா'வையும் சப்பாத்திப் பலகையால் தட்டியதுபோல் தட்டையாகச் சொன்னார். முதல் வகுப்பில் தேறினார்.

"டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று தட்டச்சரிடம் கேட்டவர், உரிய தகுதியோடு போய் உரிய பொத்தானை அமுக்கினார். தண்ணீர் ஏறியது.

ஆறு மாதம் கழித்து மோட்டாரைப் பார்வையிடச் சீனாவிலிருந்தே ஒரு பொறியாளர் வந்தார். கண்காணிப்பாளர் சீனத்தில் வரவேற்புரை வாசித்தார். வந்தவர் திருதிருவென விழித்தார். ஸ்டோர்கீப்பர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, ஏற்ற இறக்கத்தோடு இரண்டே வார்த்தை சொன்னார். பொறியாளர் முகம் மலர்ந்து மடமடவென்று பேசத் தொடங்கினார்.

கண்காணிப்பாளர் கவனமாகக் கேட்டுவிட்டுக் குறிப்பெழுதினார்: 'விருந்தினரின் உச்சரிப்பு நமது பாடத்திட்டத்துக்கு ஒத்ததாக இல்லை. தொடக்க வகுப்பில் சேர்க்கவும்.'

ஜன்னலில் தொத்திக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஐயே, இவருக்குச் சீனமே வரல!"

அவர்கள் அறிவைப் பார்த்து எங்களுக்குப் புல்லரித்தது.